தோற்றவருக்கும் கஞ்சி உண்டு

பித்தளைத் தாயக்கட்டைக்கு நான்கு முகம். ஒன்று வெறுமை, மற்ற மூன்றிலும் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி. இரண்டு கட்டைகளையும் சேர்த்து உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது கூட்டினால் ஒன்று, விழுவது இரண்டே விதம், எட்டுக்கு ஒன்று. அது விழாமல் காய் இறங்காது. எட்டுத் தடவை உருட்டியும் தாயம் விழாமல் போகிற வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனால் அந்த மூன்றில் ஒரு பங்குக்குள் மாட்டிக்கொண்டவரின் முகத்தைப் பாயில் எதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஃபிட்டராக இருக்கும் என் நண்பர் அப்படித்தான் மாட்டினார். ஏ ஷிப்ட் முடித்து, குளித்து, ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு மாலையில் வாசலுக்கு வந்தவர். மற்றவர்களின் காய்கள் மலைக் கட்டம் விட்டு மலைக் கட்டம் தாவிக்கொண்டிருக்க, இவருடைய காய்கள் அத்தனையும் கையிலேயே இருந்தன. "எல்லாரும் உள்ள போய் வேலை பாக்குறீங்க. எனக்கு இன்னும் கேட் பாஸே போடலை" என்றார். எட்டாவது படிக்கிற மகள் கட்டையை உருட்டிக்கொண்டே, "நீங்க கான்ட்ராக்ட்டுப்பா" என்றாள். வீடே சிரித்தது. அவரும்தான்.

எந்த ஆட்டம் நல்ல ஆட்டம் என்று ஜெயித்தவரைக் கேட்டுப் பயனில்லை. அவருக்கு எல்லாமே நல்ல ஆட்டம். தோற்றுக்கொண்டிருப்பவரை அது எப்படி நடத்துகிறது? அவருக்குச் செய்வதற்கு ஏதாவது வைத்திருக்கிறதா, வாய் பேச இடம் தருகிறதா, இல்லை, எழுந்துபோய் செல்போனை நோண்ட விட்டுவிடுகிறதா? வீட்டாரோடும் நண்பர்களோடும் அண்மையில் ஆடியவற்றை எல்லாம் இந்த ஒரே தராசில்தான் நிறுக்கப்போகிறேன். செஸ்ஸை மட்டும் விட்டுவிடுகிறேன். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று 18 வயதில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனதிலிருந்து, எங்கள் சொந்தத்தில் அது டியூஷன் பாடமாகிவிட்டது. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போகிறார்கள். வீட்டில் ஆடலாம் வா என்றால் ஓடுகிறார்கள்.

நாலு ஊர் விதி

கும்மிடிப்பூண்டியில் தாயம் ஆட உட்கார்ந்தால் முதலில் விதியைப் பற்றிய சண்டை நடக்கும். ஊரின் அமைப்பு அப்படி. சென்னையிலிருந்து வடக்கே சுமார் 45 கிலோமீட்டர், கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி ரோலிங் மில்களும் உருக்காலைகளும் மருந்து, ரசாயனத் தொழிற்சாலைகளுமாக வளர்ந்த இடம். தெற்கு மாவட்டங்களிலிருந்து ஐ.டி.ஐ. சான்றிதழோடு வந்து இங்கேயே வீடு கட்டியவர்கள், இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் ஆந்திரம் என்பதால் வீட்டுக்குள் தெலுங்கு பேசுபவர்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒரே அறையில் ஷிப்ட் முறை போட்டுத் தூங்கும் இளைஞர்கள், ஈழத்திலிருந்து வந்து இங்கே முகாமிலேயே பேரன் பேத்தி எடுத்தவர்கள். ஆளுக்கொரு விதி.

நண்பர் சிவகங்கைப் பக்கம். ஒரு வெட்டாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குள் காலடி வைக்கக்கூடாது என்பது அவர் கட்சி. அவர் மனைவிக்குச் சத்தியவேட்டுப் பக்கம் தாய்வீடு. அங்கே அஷ்டா சம்மா என்று நான்கு சோழியைக் குலுக்கிப் போட்டு ஆடுவார்கள். நாலும் மல்லாந்தால் சம்மா, நான்கு. நாலும் குப்புற விழுந்தால் அஷ்டா, எட்டு. "கட்டையை உருட்டிட்டு எதுக்கு இப்படிக் கத்துறீங்க, சோழின்னா சத்தமில்லாம விழும்" என்பது அண்ணியின் வாதம். பக்கத்து அறை ஒடிசாத் தம்பிக்குத் தெரிந்தது லூடோ. ஆறு விழுந்தால் காய் இறங்கும், அவ்வளவுதான். ஆறில் ஒன்று என்பது எட்டில் ஒன்றைவிட இரக்கமுள்ள கணக்கு என்பதால், எங்கள் விதியைக் கேட்டதும் அவன் முகம் சுருங்கியது. முகாமிலிருந்து வரும் பெரியவர் ஒருவர் சீட்டுக்கட்டு எடுத்தால் முந்நூற்று நாலு ஆடலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வேடிக்கை பார்ப்பார்.

லூடோவின் கதையே ஒரு சுற்றுதான். நம் பச்சீசியை எடுத்து எளிதாக்கி 1896-ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார்கள். பிறகு அட்டைப்பெட்டியில் வந்தது. 2016-ல் மும்பை நிறுவனம் ஒன்று அதை லூடோ கிங் என்று செல்போனுக்குள் வைத்தது. 2020 ஊரடங்கில் அதை ஆடாத வீடே இல்லை என்றாகிவிட்டது. ஒடிசாத் தம்பி ஊரிலிருக்கும் அக்காவோடு அதில்தான் ஆடுகிறான்.

தாயத்தைப் பற்றி என் தீர்ப்பு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. வாசலில் காத்திருக்க வைப்பது கொடுமை. இறங்கிய பிறகு அதைப்போல ஓர் ஆட்டம் கிடையாது. பழத்துக்கு, அதாவது கடைசிக் கட்டத்துக்கு, ஓரடி இருக்கும்போது வெட்டு வாங்கித் திரும்ப முதலிலிருந்து வரும் காயைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கடைசி ஆளுக்கும் கடைசி நிமிடம் வரை கையில் கத்தி இருக்கிறது. தாயம், ஐந்து, ஆறு, இரண்டு கட்டையும் வெறுமையாக விழும் பன்னிரண்டு ஆகியவற்றுக்கு மறுபடி உருட்டலாம் என்பதால், 16-ல் ஆறு தடவை ஆட்டம் கைமாறாமல் நீளும். ஒரே மூச்சில் உலகம் புரண்டுவிடும். மாமியார் காயை மருமகள் வெட்டலாம். வெட்டிவிட்டுச் சிரிக்கவும் செய்யலாம். வேறு எந்த நேரத்தில் அது நடக்கும்?

காத்திருப்புக்கு மகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். மூன்று சுற்று தாயம் விழாமல் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு காயை இனாமாக இறக்கிக்கொள்ள அனுமதி. விதிக்குப் பெயர்: கருணை அடிப்படையில் நியமனம். சிவகங்கைக்காரர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அதில் முதலில் பயன் பெற்றவரும் அவர்தான்.

எழுந்து போயிட்டா யாரோட ஆடறது?

திருவள்ளூரில் வீரராகவப் பெருமாள் கோவில் குளத்துக்கு நடந்து போகிற தூரத்தில் அத்தை வீடு. அமாவாசை என்றால் அந்தத் தெருக்களில் கால் வைக்க இடமிருக்காது. முந்தின இரவே வந்து கோவிலைச் சுற்றிப் படுத்து, விடியற்காலையில் குளத்தில் வெல்லம் கரைக்கும் கூட்டம். அமாவாசை முடிந்த மறுநாள் தெரு ஓய்ந்து கிடக்கும். பல்லாங்குழி எடுக்க அதுதான் அத்தைக்கு நாள்.

மடிக்கிற மரப்பலகை. ஏழு ஏழாக இரண்டு வரிசை, 14 குழி. குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, ஆக 70. ஒரு குழியை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானால் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அடுத்தது வெறுங்குழி என்றால் அதை விரலால் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு வெறுங்குழி சேர்ந்தாற்போல் வந்தால் ஆட்டம் எதிராளிக்கு. விதி இவ்வளவுதான். பகடை இல்லை, மறைத்து வைக்கும் சீட்டு இல்லை. எல்லாம் கண்ணெதிரே திறந்து கிடக்கிறது. அதனால் தோற்றால் பழி போட ஆளும் இல்லை.

இதில் பசு என்று ஒன்று உண்டு. யார் இட்டாலும் சரி, ஒரு குழியில் நான்கு சேர்ந்துவிட்டால் அது அந்தப் பக்கத்துக்காரரின் பசு. உடனே எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த முத்து விழுந்து ஐந்தாகிவிட்டால் போயிற்று. எதிராளி கை ஓடிக்கொண்டிருக்கும்போது நம் கண் நம் குழிகள்மேல் இருந்தே ஆக வேண்டும் என்பதுதான் இதன் நுட்பம். அடுத்தவர் முறையிலும் நமக்கு வேலை. பெரிய கம்பெனிகள் போடும் ஆட்டங்களில்கூட எதிராளி யோசிக்கிற நேரத்தில் கொட்டாவி விடுகிறோம். ஐந்நூறு ரூபாய்ப் பலகை இந்தச் சங்கடத்தைத் தீர்த்து வைத்திருக்கிறது. அத்தை வேர்க்கடலை உரித்துக்கொண்டே ஆடுவாள். பசு விழுந்த நொடி உரிக்கிற கை குழியில் இருக்கும்.

ஒரு சுற்று முடிந்ததும் கணக்கு. எனக்கு 23, அத்தைக்கு 47 என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சுற்றுக்கு என்னால் நான்கு குழிதான் நிரப்ப முடியும், கையில் மூன்று மிச்சம். என் பக்கம் மூன்று குழிகள் மூடப்படும். அத்தை ஏழையும் நிரப்பி 12-ஐ மடியில் கட்டிக்கொள்வாள். இருப்பவனுக்கே மேலும் சேரும் கதைதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இங்கேதான் ஆட்டம் ஒரு காரியம் செய்கிறது. ஒரு குழிக்குக்கூடப் போதாமல் ஐந்துக்குக் கீழே போய்விட்டாலும் எழுந்திருக்க வேண்டாம். இருப்பதைக் குழிக்கு ஒன்றாகப் போட்டு ஆடலாம். எங்கள் வீட்டில் அதற்குக் கஞ்சி காய்ச்சுறது என்று பெயர். அந்த ஒற்றை முத்துகளை வைத்துக்கொண்டு அத்தை ஒரு நாள் என் பக்கத்தையே காலி செய்தாள். எதற்காக இப்படி ஒரு சலுகை என்று கேட்டேன். "தோத்தவ எழுந்து போயிட்டா யாரோடடா ஆடறது?" என்றாள். இந்தக் கட்டுரைக்குத் தேவையானதை அத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டாள். நான்தான் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் இதே ஆட்டம் வாமன குண்டலு. மலேசியாவில் சோங்காக். மேற்கு ஆப்பிரிக்காவில் ஓவாரே என்று குழிக்கு நான்கு விதை போட்டு ஆடுகிறார்கள். தனியாக ஆடும் வகைக்கு நம்மிடம் சீதைப் பாண்டி என்று பெயர். அசோகவனத்தில் துணையில்லாதவள் ஆடியதாம். தேவநேயப் பாவாணர் 1954-ல் 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' எழுதியபோது இவையெல்லாம் தெருவில் இருந்தன. 2002-ல் வினிதா சித்தார்த்தா சென்னையில் கிரீடா தொடங்கிப் பழைய ஆட்டங்களைப் பெட்டி போட்டு விற்க ஆரம்பித்தபோது இவை பரணுக்குப் போயிருந்தன. இப்போது வளைகாப்புச் சீர்த் தட்டில் பளபளக்கும் பல்லாங்குழிப் பலகையைப் பார்க்கிறேன். படம் எடுத்ததோடு சரி, அதில் புளியங்கொட்டை விழுந்த சத்தம் கேட்கவில்லை.

மூன்று புலி, பதினைந்து ஆடு

ஆடுபுலி ஆட்டத்துக்குப் பலகைகூட வேண்டாம். முக்கோணம் போட்டு நாலு குறுக்குக் கோடு இழுக்கச் சாக்குக்கட்டி போதும். தமிழ்நாட்டுக் கோவில் மண்டபங்களின் தரைக்கல்லில் இந்தக் கோட்டை வெட்டி வைத்துவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். ஆடு புலியைக் கொல்ல முடியாது, நகர விடாமல் அடைக்கத்தான் முடியும். பின்னால் ஓர் இடம் காலியாக இருந்தால் புலி தாண்டி வெட்டிவிடும். ஆகவே ஆட்டுக்குப் பின்னால் ஆடு நிற்க வேண்டும். நண்பரின் கம்பெனித் தோழர் ஒருவர், தொழிற்சங்கக்காரர், எப்போதும் ஆட்டுப் பக்கம்தான் உட்காருவார். "மேனேஜ்மென்ட் மூணு பேரு, நாம பதினஞ்சு பேரு. ஒருத்தன் தனியாப் போய் நின்னாதான் அவன் அடிப்பான்" என்பார். முதலில் ஓரிரு ஆடு போனாலும் நிதானம் இழக்காமல் அடைத்து ஜெயிப்பார். புலி ஆடுபவர்கள்தான் ஆரம்பத்து வெட்டில் மிதப்பாகிக் கடைசியில் மூலையில் மாட்டிக்கொள்கிறார்கள். இருவர் ஆட்டம் என்பதால் குடும்பத்துக்குப் போதாது என்பது ஒன்றே குறை.

பரமபதம் மார்கழிக்கு மட்டும் வரும் விருந்தாளி. வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்க அத்தை வீட்டுக் கூடத்தில் படத்தை விரிப்பார்கள். இதில் சாமர்த்தியத்துக்கு வேலையே இல்லை, பகடை சொல்வதுதான். அதனாலேயே ஒன்றாம் வகுப்புப் பையனும் பாட்டியும் சரிசமமாக ஆடக்கூடிய ஒரே ஆட்டம் இது. 1890-களில் இங்கிலாந்து போய் வெறும் பாம்பும் ஏணியுமாகத் திரும்பி வந்த பதிப்பில் கீழே விழுந்தால் விழுந்ததுதான். பழைய படத்தில் ஒவ்வொரு பாம்புக்கும் ஒரு பாவம் ஒட்டிக்கொண்டிருக்கும். விழுந்தவரைச் சீண்ட அது போதும். "இதுக்குத்தான் பொய் சொல்லாதேன்னு சொன்னேன்" என்று சித்தி சித்தப்பாவைப் பார்த்துச் சொல்ல வேறு எப்போது வாய்க்கும்? இரவு இரண்டு மணிக்குமேல் யாரும் காயைப் பார்ப்பதில்லை, பேச்சுதான். பக்கத்துத் தியேட்டரில் சிறப்புக் காட்சி போட்டால் இளவட்டம் முதலிலேயே நழுவிவிடும்.

ரெட்டுக்கு மூணு, இருபத்திரண்டு வரைக்கும்

கேரமைக் கட்ட ஆட்டம் என்று சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஒரு தடவை வந்து பார்க்கலாம். பேசின் பிரிட்ஜ் தாண்டிக் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று போகிற இந்தத் தடத்தின் இரு பக்கமும் கேரம் ஊறிய மண். வெற்றிமாறனின் 'வட சென்னை'யில் தனுஷ் கேரம் ஆடும் பையனாக வந்தது கதைக்காகச் சேர்த்த அலங்காரம் என்று நினைத்தவர்கள் இங்கே வசிக்காதவர்கள். 1991, 1995 இரண்டு முறையும் உலகச் சாம்பியனாகி 1996-ல் அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம் சென்னைக்காரர். உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடி. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் ஒற்றையர், இரட்டையர், அணி என மூன்று தங்கம் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் பரிசு கொடுத்தது. அந்த வாரம் நண்பரின் மகளும் தோழிகளும் மன்றத்துப் பலகையைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதுவரை அது அண்ணன்மார்கள் சொத்து.

74 சென்டிமீட்டர் சதுரம், கறுப்பு ஒன்பது, வெள்ளை ஒன்பது, நடுவில் ரெட். எல்லாருக்கும் தெரிந்ததுதான். போட்டி விதிகளில் வீட்டு ஆட்டத்தில் பலரும் கைவிட்டுவிட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் 22 புள்ளி எட்டிவிட்டால் அதன் பிறகு அவர்களுக்கு ரெட்டின் மூன்று புள்ளி கிடையாது. ஆட்டம் 25. அதாவது கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டவர் ரெட்டை எடுத்து ஒரே தாவலில் முடித்துவிட முடியாது. காயைக் காயாகப் போட்டுத்தான் கடக்க வேண்டும். பின்தங்கியவருக்கோ ரெட்டும் உண்டு, மூன்றும் உண்டு. இதை மறுபடி அமல்படுத்திய பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் மாறிவிட்டன. 22-18 என்று நிற்கும் ஆட்டம் முன்பெல்லாம் முடிந்த ஆட்டம். இப்போது அங்கேதான் சத்தம் கூடுகிறது.

ரோலிங் மில்லில் காய்ச்சுப்போன விரல்களால் கட் ஷாட் மென்மையாக அடிக்க முடியாது என்று நினைத்திருந்தேன். சங்கக்காரர் போடும் ரீபவுண்ட்டைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. பலமாக அடிப்பவர்கள் எல்லாம் அலுவலகத்தில் நாற்காலியில் உட்காருபவர்கள். ஏன் என்று தெரியவில்லை.

ரெண்டு ரவுண்டுல திவால்

மோனாபலியின் வழிவந்த பிசினஸ் ஆட்டத்தை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. சிறு வயதில் கோடை விடுமுறை முழுக்க ஆடியிருக்கிறேன். இப்போது ஆடியபோதுதான் அதன் கோரம் தெரிந்தது. எங்கள் மச்சான் ஒருவர் நெடுஞ்சாலையோரம் மனை வாங்கி விற்பவர். அவரோடு மட்டும் இதை ஆடக்கூடாது. முதல் சுற்றிலேயே கண்ட இடத்தை எல்லாம் வாங்கிப் போட்டுவிட்டு, வாடகைக்குக் காத்திருப்பார். அடுத்த அரைமணியில் அண்ணியும் மகளும் திவால். திவாலானவருக்கு இந்த ஆட்டம் சொல்வது ஒன்றே ஒன்று: வெளியே போ. மீதி ஒன்றரை மணி நேரம் இரண்டு பேர் பணத்தை எண்ண, மற்றவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தராசில் இது கீழே தொட்டுவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், இதன் மூலத்தை உருவாக்கியவர் நிலக்கிழார்களுக்கு எதிரானவர். எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண் 1904-ல் 'லேண்ட்லார்ட்ஸ் கேம்' என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். நிலம் ஒரு கையில் குவிந்தால் மற்றவர்கள் எப்படி நசுங்குவார்கள் என்று காட்டுவது அவர் நோக்கம். எல்லாருக்கும் செல்வம் பகிர்கிற மாதிரி இன்னொரு விதியும் கூடவே எழுதி வைத்திருந்தார். 1935-ல் மோனாபலியை எடுத்த பார்க்கர் பிரதர்ஸ் அவரிடமிருந்து காப்புரிமையை 500 டாலருக்கு வாங்கியது. நசுக்கும் விதி உலகம் சுற்றியது. பகிரும் விதியைக் காணோம். மச்சானிடம் இதைச் சொன்னேன். "அந்தம்மா ரேட்டு கம்மியா பேசிட்டாங்க மாமா" என்றார்.

தோற்பவரை இதைவிட மோசமாக நடத்தும் ஆட்டமும் உண்டு. அது பாயில் இல்லை, போர்வைக்குள் இருக்கிறது. சி ஷிப்ட் இடைவேளையில், இல்லை அறையில் மற்றவர்கள் தூங்கும்போது, சம்பளம் வந்த வாரத்தில் செல்போனில் ரம்மி. எதிரே முகமில்லை, தோற்கிறவனைப் பார்த்துப் 'போதும்டா, எழுந்திரு' என்று சொல்ல அத்தை இல்லை. கடனும் தற்கொலையும் தொடர்ந்த பிறகு 2022-ல் நீதியரசர் கே. சந்துரு தலைமையில் குழு போட்டு, அதே ஆண்டு சட்டமன்றத்தில் தடைச் சட்டம் நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து சட்டம் போட்டது. சூதுக்கென்று பத்துக் குறள் ஒதுக்கிய வள்ளுவர் காலத்தில் தோற்பவனுக்கு எதிராளியின் முகமாவது தெரிந்திருக்கும்.

செங்கல் இருக்கா, செங்கல்?

கல்லூரி நண்பன் ஒருவன், ஐ.டி.காரன், ஜெர்மனியில் இருந்துவிட்டு வந்தவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய பெட்டியோடு கும்மிடிப்பூண்டிக்கு வந்து இறங்கினான். கட்டான். கிளாஸ் டாய்பர் என்ற பல் தொழில்நுட்பர் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து உருவாக்கி 1995-ல் வெளியிட்டது. அந்த ஆண்டே ஜெர்மனியின் சிறந்த ஆட்டத்துக்கான விருது. 1979 முதல் கொடுக்கிறார்கள். விலை சில ஆயிரம் ரூபாய் என்றதும் அண்ணி பெட்டியைத் தொடவே பயந்தார்.

ஒரு தீவு. மரம், செங்கல், கம்பளி, கோதுமை, தாது. இரண்டு பகடை உருட்டி விழும் எண்ணுக்கு உரிய நிலத்தில் விளைகிறது. சாலை போட மரமும் செங்கலும் வேண்டும். இல்லாததை எதிராளியிடம் பேரம் பேசி வாங்க வேண்டும். இந்தப் பேரம்தான் எங்கள் ஊருக்குப் பிடித்துப்போனது. திருவள்ளூர் மாவட்டக்காரர்களிடம் செங்கல் இருக்கிறதா என்று கேட்டால் சும்மா இருப்பார்களா? சூளைப் பக்கம் வளர்ந்த சங்கக்காரர், "மழைக்காலம், கல்லு ரேட்டு ஏறிடுச்சு" என்று ஒரு செங்கலுக்கு இரண்டு கோதுமை கேட்டார். கோதுமை முதல் சுற்றிலேயே நெல்லாகிவிட்டது, தாது, ஸ்கிராப். ஏழு விழுந்தால் கொள்ளைக்காரனை நகர்த்தலாம். இரண்டு பகடையில் அதிகம் விழும் எண்ணும் ஏழுதான், 36-க்கு ஆறு. முன்னால் ஓடுபவர் நிலத்தில் அவனைக் கொண்டுபோய் நிறுத்துவதில் எல்லாரும் ஒற்றுமை. யாரையும் வெளியே தள்ளாத ஆட்டம் வேண்டும் என்று ஜெர்மனிக்காரர்கள் ஒரு மரபையே வளர்த்திருக்கிறார்கள். மோனாபலியில் பிழைத்தவர்கள் கண்டுபிடித்த மருந்து என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆனாலும் முழு மார்க் போட மாட்டேன். முதலில் வீடு வைக்கும்போதே இடம் தவறிப்போனால், வெளியே அனுப்பாமல் ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார வைக்கிறது கட்டான். பேரத்துக்கும் அவரிடம் ஆள் வருவதில்லை. அண்ணி அப்படித்தான் மாட்டினார். சத்தமில்லாமல் எழுந்து போய் எல்லாருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தார். தாயத்தில் அவரை எழுப்பவே முடியாது.

அதே பெட்டிக்காரன் அடுத்த முறை கொண்டுவந்த டிக்கெட் டு ரைட் எங்கள் ஆட்டமாகிவிட்டது. ஆலன் மூன் 2004-ல் போட்ட ரயில் ஆட்டம். வண்ணச் சீட்டு சேர்த்து, தடத்தைப் பிடித்து, கையிலிருக்கும் டிக்கெட்டின் இரண்டு ஊர்களையும் இணைக்க வேண்டும். யார் எந்த ஊருக்குப் போகிறார்கள் என்பது கடைசி வரை ரகசியம். பின்தங்கியவர் உண்மையிலேயே பின்தங்கியவரா என்று யாருக்கும் தெரியாது என்பதால் கடைசிக் கணக்கு வரை எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். படத்தில் அமெரிக்க ஊர்கள். டெயிலி பாசஞ்சர்கள் நிறைந்த வீட்டில் டெனவரும் டல்லாசும் எடுபடுமா?

நண்பரின் மகள் சார்ட் பேப்பரில் நம் படத்தைப் போட ஆரம்பித்திருக்கிறாள். ரயில் பெட்டிக்குப் பதில் இரும்புக் கடை வாஷர்கள், சாயம் பூசியவை. வடக்கே கும்மிடிப்பூண்டித் தடம், மேற்கே ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் தடம். வரைந்து முடித்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. இரண்டு ஊரும் ஒரே மாவட்டம். ஆனால் கும்மிடிப்பூண்டிக்காரர் திருவள்ளூருக்கு ரயிலில் போக வேண்டுமென்றால் பேசின் பிரிட்ஜ் வரை தெற்கே வந்து மறுபடி மேற்கே ஏற வேண்டும். நேர்த்தடம் கிடையாது. அதனால் 'கும்மிடிப்பூண்டி - திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ்' என்ற டிக்கெட்டுக்கு இருப்பதிலேயே அதிகப் புள்ளி வைத்திருக்கிறாள். கூடவே பெரியபாளையம் வழிப் பஸ் சீட்டு ஒன்று. ஆட்டத்தில் கடைசியாக இருப்பவர் மட்டும் அதை எடுக்கலாம். அவள் அப்பா ஒரு திருத்தம் கொண்டுவந்திருக்கிறார். குறைதீர் நாள் திங்கட்கிழமைதானே, ஆகவே பகடையில் திங்கள் விழுந்தால்தான் அந்த டிக்கெட் செல்லும் என்கிறார். ஏழு கிழமையையும் ஆறு முகத்தில் எப்படி எழுதுவது என்று அவள் கேட்டிருக்கிறாள். ஞாயிறு ஆபீஸ் லீவு என்று பதில் வந்திருக்கிறது.